சாதகத்துக்கு ஓர் அறை

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபொழுது, ஒரு தமிழாசிரியனிடம் எதனை எதிர்பார்ப்பார்களோ அதனையே எதிர்பார்த்தனர் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. சங்ககால மகளிர் பற்றியோ கம்பன் காட்டும் உவமைகள் பற்றியோ எழுதித் தருகின்றேன் என்று சொல்லியிருப்பின் மகிழ்ந்திருப்பர். அத்தகைய கட்டுரைகளை முந்திய மலர்களில் நானும் எழுதியிருக்கின்றேன். அச்சுப்பிழை பார்த்தவரைத் தவிரப் பிறர் எவரேனும் அவற்றைப் படித்தனரா என்பது எனக்கு இன்றும் ஐயமே. ஆதலின் இம்முறை எட்டடிக்குப் பத்தடி அளவான ஓர் அறையைப் பற்றி எழுதத் துணிந்தேன். என் மகள் வீணை பயிலுவதற்காக நான் அமைத்த அறை அது. சாதகம் என்றதும் கலியாணப் பொருத்தம் பார்க்கும் சாதகத்தை நண்பர்கள் எண்ணிவிட வேண்டா. பாட்டும் கருவியும் பயில்வோர் நாடோறும் தனித்திருந்து செய்யும் பயிற்சியையே இசைவாணர் சாதகம் என வழங்குவர்.

இக்கதையைக் கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்குதல் வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். ஏழு குடும்பங்களுக்கு ஒரே கூரை. வீட்டுக்கு வீடு நின்ற இடைச்சுவர்களோ அக்கூரையை எட்டுவதில்லை. முதல் வீட்டிலே குழந்தை அழுதால் ஏழாம் வீட்டிலே தாலாட்டுப் பிறக்கும். துறைமுகத்துக் கப்பல்களின் ஊதொலியும், புனித லூசியா பேராலயத்தின் மணியோசையும், அயல்வீட்டு வானொலியிலிருந்து வரும் சிங்களப் பாடல்களும் எங்களுக்குப் பொதுச் சொத்து. சண்டைகளும் அவ்வாறே. இத்தகைய வீட்டிலிருந்துகொண்டு ஒருவர் பாடிப் பழகுவது எங்ஙனம்?

என் தந்தையார் செட்டியார் தெருக் கடையொன்றிற் கணக்கெழுதியவர். இளமையில் ஊரிலே பண்ணோடு தேவாரம் ஓதக் கற்றவர். ஆயினும் வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை. விடிவதற்கு முன்னரே எழுந்து குளித்து, கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்து போவார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லால் எடுப்பித்த கோயில் அது என்பதைக் கொழும்பு வாசகர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிமெந்தும் சீனிச் சுண்ணாம்பும் அறியாத அந்தக் கல்மண்டபத்தில் ஒருவர் மெல்ல எடுத்த குரலும் தூணுக்குத் தூண் தாவிச் சென்று, சற்றே பருத்துத் திரும்பி வரும். முதற் பூசைக்கு ஆட்கள் வந்து சேருமுன் கிடைக்கும் அரைமணி நேரமே தந்தையார் தமக்கெனத் தேடிக்கொண்ட சாதக வேளை.

சில நாள்களில் என்னையும் உடன் அழைத்துச் செல்வார். ஆனால் உள்ளே அழைப்பதில்லை. கோயிலின் எதிரே திறந்தும் திறவாமலும் இருக்கும் பூக்கடையின் பலகையில் என்னை இருத்தி, தம் செருப்பையும் குடையையும் என் காவலில் வைத்துவிட்டுப் போவார். கல்லுக்கு அப்பால் ஏதோ ஓர் ஓசை எழுவதும் அறுவதும் மீண்டும் அதே இடத்திலிருந்து எழுவதும் காதில் விழும். சொல் எதுவும் புலப்படாது. சிவராத்திரி இரவிலே அவர் ஒரு பதிகம் பாடுவார். அப்பொழுது அடியார் கூட்டம் அசையாது நிற்கும். அந்தப் பாட்டை நானும் கேட்கலாம். விடியற்காலையில் மட்டும் கேட்கலாகாது என்றால் என் சிறு மனம் எப்படி ஒப்பும்? ஒருநாள், "நான் ஏன் அப்பா உள்ளே வரக்கூடாது?" என்று கேட்டேவிட்டேன். "அங்கே நான் பாடுவதில்லை, தம்பி, படிக்கிறேன்," என்றார். இந்த விடை எனக்கு விளங்கவில்லை. மகனைத் தம் பாட்டுக்குத் தகுந்தவனாக அவர் கருதவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அந்தச் சிறு கசப்பு நெடுங்காலம் என்னுள் இருந்தது. அவர் 2011இற் காலமானபொழுதும் முழுதாகப் போய்விடவில்லை.

ஷெனாய் மேதை பிசுமில்லாகான் அவர்கள் வாரணாசியிலே கங்கைக் கரையிலுள்ள பாலாஜி கோயிலில் இருந்து சாதகம் செய்தவர் என்பதைப் பிற்காலத்திற் படித்தேன். இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளை, இந்துக் கோயிலின் ஓர் அறையில், ஆற்றைப் பார்த்தவாறு ஊதிப் பழகியிருக்கின்றார். வீடு இடந்தராத கலைஞருக்குக் கோயிலும் ஆற்றங்கரையும் இடந்தந்த கதை நம் தேசங்களிற் புதிதன்று. காவிரியிலே கழுத்தளவு நீரில் நின்று குரலைப் பண்படுத்தினர் என்று பழைய வித்துவான்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நீரில் நிற்பதால் குரலுக்கு என்ன நன்மை என்பதை மருத்துவரிடந்தான் கேட்டறிதல் வேண்டும். விடியுமுன் ஆற்றிலே நின்றால் எவரும் வந்து இடையூறு செய்யார் என்னும் நன்மை எனக்கே விளங்குகின்றது.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, சிலகாலம் வெளியூர்களிற் படிப்பித்து, பின்னர் கொழும்புக்கு மாற்றலாகி வந்து குடியேறிய இடம் அது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் எங்கள் வீடு. என் மகளுக்கு இப்பொழுது வயது பதினான்கு. எட்டு வயதில் வீணை தொடங்கினாள். பம்பலப்பிட்டியிலுள்ள ஆசிரியை ஒருவரிடம் வாரம் இருமுறை சென்று வருவாள்; வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளையும் தரந்தரமாக எழுதி வருகின்றாள். ஆசிரியை கற்பிப்பது வாரத்தில் இரண்டு மணித்தியாலம். எஞ்சியது முழுவதும் வீட்டிலே செய்யும் சாதகத்தைப் பொறுத்தது.

அந்த வீட்டின் சத்தத்தை எப்படி வருணிப்பேன்? மாலை ஐந்து மணி என்று கொள்க. கடலோரத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி, அலுவலகம் விட்டுச் செல்வோரை வாசற்படிவரை தொங்கவிட்டுக்கொண்டு கூவிச் செல்லும். மேற்குப் பக்கத்து யன்னல்கள் ஒருமுறை நடுங்கி அடங்கும். அயலிலே பழைய வீடொன்றை இடித்துப் பத்துத் தள மாடி எழுப்புகின்றார்கள். வெள்ளவத்தையில் இடிபடாத பழைய வீடு இனி அருங்காட்சியகத்தில்தான் இருக்கும். அங்கே கல்லைத் துளைக்கும் இயந்திரம் ஓயாது. கீழ்த்தளத்தில் ஒருவர் கணிதம் ரியூசன் நடத்துகின்றார். மேல்தளத்துப் பிள்ளைகள் கூடத்துக்குள்ளேயே கிரிக்கெட் ஆடுவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, பாண் விற்கும் முச்சக்கர வண்டி பேத்தோவனை இசைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும். எலீசு என்னும் மங்கைக்கென்று 1810இல் அந்த மேதை இயற்றிய மெட்டு, இரு நூற்றாண்டு கழித்து எங்கள் தெருவில் மாலுபணிசின் வருகையை அறிவிக்கப் பயன்படும் என்று அவர் கனவிலும் கருதியிரார். என் மகள் மோகனத்திலே வர்ணமொன்றைத் தொடங்கினால், இரண்டாம் அடியில் பேத்தோவன் வந்து குறுக்கிடுவார். சட்டத்தின் துணையை நாடலாம் எனின், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் விதித்தது. மாலை வேளைப் பாண் வண்டியை அது தொடாது.

ஆதலின் அமைதியை நாமே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும் எனத் தீர்மானித்தேன். அமைதி எத்தகையது என்பதை நான் ஒருமுறை கண்டிருக்கின்றேன். எட்டாம் வகுப்பிற் படிக்கும்பொழுது சிறுவர் நிகழ்ச்சியொன்றுக்காக எங்களை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு அழைத்துச் சென்றனர். கனத்த கதவொன்றைத் தள்ளித் திறந்து, அதன் பின்னால் மற்றொரு கதவையும் திறந்து உள்ளே விட்டபொழுது, காதை யாரோ பஞ்சால் அடைத்ததுபோல் இருந்தது. என் மூச்சை நானே கேட்டேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளையாகிய எனக்கு அஃது அச்சமும் இன்பமும் கலந்த அனுபவம். அந்த அறையையே என் வீட்டில் அமைத்துவிடலாம் என்று எண்ணினேன்.

எங்கள் வீட்டில் ஒரு சிற்றறை உண்டு. விடைத்தாள் திருத்துவதற்கும் பாடக்குறிப்பு எழுதுவதற்கும் அதனை நான் வைத்திருந்தேன். அதனை மகளுக்கு விட்டுக்கொடுத்து, என் மேசையையும் கதிரையையும் அறைக்கு வெளியே, கூடத்தின் மூலையில் போட்டுக்கொண்டேன். இந்தத் தியாகத்தை அக்காலத்தில் எவரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.

முதலில், அறிந்தவர்போற் பேசிய அயலவர் ஒருவரின் ஆலோசனைப்படி முட்டை அடுக்கும் கடுதாசித் தட்டுகளைக் கடை கடையாகச் சேர்த்துச் சுவரெங்கும் ஒட்டினேன். அறை கோழிப் பண்ணையைப் போலாயிற்று. கரப்பான் பூச்சிகள் மகிழ்ந்து குடிபுகுந்தன. புகைவண்டியோ முன்போலவே கூவிற்று. நம் பழைய மாணவரான பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "சேர், சத்தத்தை மறிப்பது வேறு, உள்ளே எதிரொலியைக் குறைப்பது வேறு," என்று எனக்குப் பாடம் நடத்தினார். அவருக்கு ஆகுபெயரும் அன்மொழித்தொகையும் படிப்பித்தவன் நான். அன்று மாணவனாக நின்றேன். வெளியிலிருந்து வரும் ஒலியை மறிக்க வேண்டுமாயின் பாரமான பொருள் வேண்டும். காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்தல் வேண்டும். கடுதாசியிலே பாரம் எங்கே? அறைக்குள் எழும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதைத் தணிக்கவே பஞ்சும் துணியும் உதவும். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டச் சொன்னார். தட்டினேன். தகரத்திற் கல் விழுந்தாற்போல ஒரு சிலிர்ப்பொலி தொடர்ந்து வந்தது. நேர் எதிராக நிற்கும் வெறுஞ்சுவர்கள் இரண்டும் ஒலியைப் பந்தாடுகின்றன என்றார்.

அவர் சொற்படி முட்டைத் தட்டுகள் இறங்கின. கதவின் கீழே ஓர் அங்குல இடைவெளி இருந்தது. அதற்கு இறப்பர்ப் பட்டி அடித்தேன், நிலையைச் சுற்றியும் ஒட்டினேன். கூடத்துப் பக்கச் சுவரோடு சேர்த்துப் புத்தக அலுமாரியை நிறுத்தி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளையும் அனுபந்தத்தையும் அதிலே அடுக்கினேன். அப்பெருநூல் எத்தனையோ ஐயங்களைத் தீர்த்திருக்கின்றது. சுவராகவும் நின்று உதவும் என்பதை அன்றுதான் கண்டேன். எதிர்ச் சுவரின் ஒரு பாதியில் இலவம்பஞ்சு மெத்தையொன்றைத் தொங்கவிட்டோம். மறுபாதியை வெறுமையாகவே விட்டோம். எல்லாச் சுவரையும் மூடினால் நாதம் பிறந்த இடத்திலேயே மடிந்துவிடும். வாசிப்பவர் ஒலி போதவில்லை என்று எண்ணி நரம்பை அளவுக்கு மீறி மீட்டுவர் என்றார் அவர். கொச்சிக்கடைக் கருங்கல் அப்பொழுது என் நினைவுக்கு வந்தது. மேற்கு யன்னலுக்குச் சில அங்குலம் உள்ளே தள்ளி இரண்டாவது கண்ணாடி போட்டோம். புகைவண்டி பெரும்பாலும் அடங்கிற்று. பேத்தோவனும் அம்பாந்தோட்டைக்கு அப்பால் இருந்து வாசிப்பவர்போல் ஆனார்.

ஆனால் இந்த இரண்டாம் கண்ணாடி ஒரு வினையையும் கொண்டுவந்தது. வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் சேர்த்த கட்டின்மேல் பதிக்கப்பட்டவை என்பது வாசிப்போர் அறிந்தது. மாலை வெயில் நேரே விழும் அறையை முற்றாக அடைத்துவிட்டோம். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மெழுகு இளகி, மெட்டொன்று நூலளவு சரிந்திருந்தது. நூலளவு எனினும் காந்தாரம் காந்தாரமாக இல்லை. மேளம் கட்டுதல் என்று இத்தொழிலுக்குப் பெயர். அது தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று வாரம் கழிந்தது. அதன்பின் யன்னலுக்கு வெளியே தடித்த பாய்த் தட்டி ஒன்றைக் கட்டினேன். வீணையை உட்சுவர்ப் பக்கம் மாற்றி வைத்தோம். கடற்காற்றிலே உருக்குத் தந்திகள் துருவேறும் துன்பம் முன்னரே இருந்தது. அடைத்த அறையில் அது குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மற்றோர் இடையூறு கைத்தொலைபேசி. சுருதிக்கென்று மகள் அதனைத்தான் பயன்படுத்தினாள். தம்பூராவைப்போல ஒலிக்கும் அதே கருவி, தோழியர் அனுப்பும் செய்திகளையும் கிணுங்கிக் கிணுங்கி அறிவிக்கும். ஒரு கையால் மீட்டி மறுகையால் விடை எழுதும் வித்தையை இக்காலப் பிள்ளைகள் கற்றிருக்கின்றார்கள். தனியாக ஒரு சுருதிப்பெட்டி வாங்கி வைத்து, தொலைபேசியைக் கூடத்திலே விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று விதித்தேன். சுவரிலிருந்த மணிக்கூட்டையும் கழற்றினேன்.

அறை ஆயத்தமாயிற்று. வந்தவர்க்கெல்லாம் கதவைத் திறந்து காட்டினேன். கைதட்டியும் காட்டினேன். நான் எதிர்பார்த்தது மட்டும் நடைபெறவில்லை.

மகள் மாலையிலே அறைக்குள் போவாள், கதவைச் சாத்துவாள், வாசிப்பாள். இறப்பர்ப் பட்டியையும் லெக்சிகனையும் கடந்து சிறிதளவு ஒலி கூடத்துக்கு வரத்தான் செய்தது. வந்தவை யாவும் அவள் முன்னரே நன்கு அறிந்தவை. இரண்டாண்டுக்கு முன்னர்ப் பாடமான கீதங்கள், கல்லூரி விழாவிலே வாசித்துப் பாராட்டுப் பெற்ற அதே வர்ணம். அவற்றை அழகாக, அமைதியாக, மீண்டும் மீண்டும் வாசிப்பாள். ஆசிரியை புதிதாகக் கொடுத்த உருப்படி கதவைத் தாண்டி வரவே இல்லை. இடையிடையே நீண்ட மௌனம். சில வாரங்களில் அந்த மௌனமே பெரும்பகுதியாயிற்று. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை வீட்டிலே சாதகம் செய்கிறாளோ?" என்று கேட்டார். அறையைப் பற்றிய என் புகழுரை முழுவதையும் அவர் முன்னரே கேட்டிருந்தவர். எனக்குத் தலை குனிந்தது. தேர்வுக்கு இன்னும் இரண்டு திங்கள் இருந்தன. ஒருநாள் இரவு, வீணையை விட்டுவிடலாமோ என்று மகள் தாயிடம் கேட்டதை என் மனைவி எனக்குச் சொன்னாள்.

இந்நாள்களில் கல்லூரியிலே நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். என் வகுப்பில் மிருதங்கம் பயிலும் மாணவன் ஒருவன் இருந்தான். அவனும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. நான் வளர்ந்ததைப் போன்ற வரிசை வீடு. அவன் வாசித்தால் அடுத்த வீட்டார் சுவரிலே தட்டுவார்கள். அத்தட்டும் தாளத்தில் இராது. ஆகவே தலையணையிலும் தொடையிலும் சொற்கட்டுகளைத் தட்டிப் பழகிவந்தான். தொப்பியில் ரவை பூசி உண்மையான தோலிலே வாசிக்கும் வாய்ப்பு அவனுக்கு வாரத்தில் ஒருநாள்தான். இதனை அறிந்து, மாடிப்படியின் கீழே உடைந்த மேசைகளும் விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் அடைந்து கிடந்த சிற்றறையொன்றைக் காலை வேளையில் அவன் பயன்படுத்த அதிபர் அவர்களிடம் அனுமதி பெற்றுக் கொடுத்தேன். நானும் இரு மாணவரும் சேர்ந்து அதனைத் துப்புரவாக்கினோம். முதல் நாள் திறப்பைக் கொடுத்தபொழுது அவன் தயங்கி நின்றான்.

"சேர், உள்ளே நின்று பூட்டிக்கொள்ளலாமோ?"

"ஏன் தம்பி, யாராவது தொந்தரவு செய்கிறார்களா?"

"இல்லை சேர். பிழையாக வாசிக்க வேண்டும்."

பிழையாக வாசிக்க வேண்டும் என்று ஒரு மாணவன் ஆசிரியனிடம் அனுமதி கேட்டதை என் சேவைக் காலத்தில் அன்றுதான் கண்டேன். புதிய கோர்வையொன்றை அவன் பழகிக்கொண்டிருந்தான். அது நூறுமுறை தவறும். தவறுவதைக் கேட்டு நண்பர் சிரிப்பர். சிரிப்பரோ என்று அஞ்சினால் கை தனக்குத் தெரிந்த சொல்லுக்கே ஓடிவிடும் என்று விளக்கினான். பூட்டிக்கொள் என்றேன்.

அடுத்த பாடவேளையிலே உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரம். தற்செயலாக அரங்கேற்று காதை. எத்தனையோ ஆண்டுகளாக நான் படிப்பித்து வருவது அது. இருபத்துநான்கு விரல் அளவான மூங்கிற்கோல் கொண்டு அரங்கை அளக்கின்றார் இளங்கோ. அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல், மேற்பலகைக்கும் அரங்கின் தளத்துக்கும் இடைநின்ற உயரம் நான்கு கோல் என்று தச்சனுக்குச் சொல்வதுபோற் சொல்கின்றார். வாயில் இரண்டு, திரை மூன்று வகை, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு என்பவற்றையும் விடவில்லை. இக்காதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் பகுதியின் ஆராய்ச்சியாகவே நம் ஈழத்து விபுலாநந்த அடிகளார் தமது யாழ்நூலை யாத்து 1947இல் வெளியிட்டார். இவ்வளவு நுணுக்கமாக எழுதிய இளங்கோ, ஐந்து வயது தொடங்கி ஏழாண்டுக் காலம் மாதவி பயின்றாள் என்கின்றார். எந்த இடத்தில் இருந்து பயின்றாள், அதன் நீளம் அகலம் யாது, கதவு உண்டா என்று ஒரு சொல்லும் இல்லை. மாணவருக்கு அளவுகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தவன் இவ்விடத்தில் நின்றுவிட்டேன். உரையாசிரியர் விட்டாரோ, ஏடெழுதினோர் விட்டாரோ என்று நான் தேடுவதாக மாணவர் எண்ணியிருக்கலாம். காண்பவர்க்கென்று எடுத்த அரங்கைக் காண்பவர் அறிதல் வேண்டும்; அந்த ஏழாண்டு எவரும் காணாது கழிந்தமையால் புலவருக்கும் கதவு திறக்கவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. இஃது உரையன்று, என் எண்ணமே.

அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் சொனி றொலின்சு என்பாரைப் பற்றி அன்றிரவு நினைத்துக்கொண்டேன். புகழின் உச்சியில் நின்றபொழுதே, தம் வாசிப்பிலே தமக்கு நிறைவில்லை என்று 1959இல் அவர் மேடையை விட்டு விலகினார். நியூயோர்க்கில் அவர் குடியிருந்த மாடியில் அயலிலே கருவுற்ற பெண்ணொருத்தி இருந்தாள்; அவளுக்கு இடைஞ்சலாகாதவாறு அருகேயிருந்த வில்லியம்சுபேர்க்குப் பாலத்தின் நடைபாதைக்குப் போய் நாள்தோறும் பல மணிநேரம் ஊதிப் பழகினார். கீழே கப்பல், பக்கத்திலே புகைவண்டி, மோட்டார் வண்டிகள். வெள்ளவத்தையைவிட அங்கே சத்தம் குறைவாக இருந்திராது. இரண்டாண்டு அப்படிக் கழித்து 1961இல் மேடைக்கு மீண்டார். மறு ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டுக்குப் 'பாலம்' என்றே பெயரிட்டார். அவர் தேடிப் போனது அமைதியையா? அத்துணை இரைச்சலின் நடுவே தம் பிழையை நின்று கேட்பார் எவரும் இலர் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது போலும்.

இனி என் குற்றத்துக்கு வருகின்றேன். கூடத்தின் மூலையில், அறைக் கதவிலிருந்து நான்கடி தூரத்தில், என் மேசை இருந்தது என்று முன்னரே எழுதினேன். மாலையில் அங்கிருந்து கொப்பிகளைத் திருத்துவேன். கையிலே சிவப்புப் பேனா, காது அறையிலே. ஒரு சுரம் விலகினால், "பிள்ளை, காந்தாரம் இறங்குது," என்று குரல் கொடுப்பேன். சங்கீதத்தில் எனக்குள்ள புலமை அவ்வளவுதான் எனினும் சொல்லாதிருக்க இயலவில்லை. ஆசிரியத் தொழிலின் நோய் அது. குரல் கொடுக்காத நாள்களில் தொண்டையைக் கனைப்பேன். நன்றாக வாசித்தாலோ "ஆகா" என்பேன். புகைவண்டிக்கும் பேத்தோவனுக்கும் இரண்டு கண்ணாடி போட்டேன். எனக்கு ஒன்றும் போடவில்லை.

மறுநாள் மகளிடம் கேட்டேன். அவள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "அப்பா, நான் பிழை விட்டதை எனக்குத் தெரிய முன்னம் நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள்," என்றாள். சிறிது நேரம் கழித்து, "சொல்லாவிட்டாலும் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறது எனக்குத் தெரியும்," என்றாள். கோபத்தோடு சொன்னாள் இல்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பூக்கடைப் பலகையில் இருந்த சிறுவன் அன்றைக்கு எழுந்து உள்ளே வந்தான் என்று சொல்லலாமா? பதிகத்தின் ஓரடியை விட்ட இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்த என் தந்தையார், குரல் உடைவதை மகன் கேட்கலாகாது என்று எண்ணினாரோ, கேட்டால் தமக்கு உடைக்கவே வராது என்று அஞ்சினாரோ, அறியேன். கேட்டுத் தெளிய இப்பொழுது அவர் இல்லை. அவர் என்னை வெளியே இருத்தினார்; நானோ என் மகளை உள்ளே இருத்திவிட்டு வாசலிலேயே காவல் இருந்தேன்.

ஈண்டு பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் இடைச்செருகலாகச் சொல்லிவிடுகின்றேன். யூபிலி ஆண்டுகளில் மண்டபங்கள் எழுவது வழக்கம், எழட்டும். மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் இருக்கைக்கும் நன்கொடை தருவோரின் பெயரைச் சலவைக்கல்லிற் பொறிக்கின்றோம். அந்த மேடையில் ஏறுமுன் பிள்ளைகள் தனித்திருந்து பழகுவதற்கு, கதவும் உட்பூட்டும் உள்ள சிற்றறைகள் இரண்டு அதே கட்டடத்தில் இருந்தால் நன்று. பெரிய செலவன்று. கல்லிலே பெயர் பொறிக்க அங்கே இடம் போதாது என்பது ஒரு குறைதான்.

இப்பொழுது என் மேசை படுக்கையறைக்குப் போய்விட்டது. அதுவும் போதாது என்று கண்டு, மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டை விட்டே புறப்படுகின்றேன். மனைவி அலுவலகத்திலிருந்து திரும்ப ஆறு மணியாகும். அந்த ஒரு மணித்தியாலம் மகளுக்கு. மரைன் டிறைவைக் கடந்து, புகைவண்டிப் பாதைக்கு அப்பால் உள்ள கற்களில் ஒன்றில் இருப்பேன். நான் வெறுத்த அதே வண்டி இப்பொழுது என் முதுகுக்குப் பின்னால் கூவிச் செல்கின்றது. முதல் வாரம் பெருந்துன்பமாக இருந்தது. இந்நேரம் எதை வாசிப்பாள், எங்கே தவறுவாள் என்று மனம் மூன்றாம் தளத்துக்கே ஓடிற்று. பிறகு கொப்பிகளைக் கொண்டுபோகத் தொடங்கினேன். கடற்காற்று அவற்றைப் பறக்கடித்ததால் அதையும் நிறுத்தினேன். அந்த மிருதங்க மாணவனின் தந்தையார் ஒருநாள் தெருவிலே என்னைக் கண்டு, மகன் காலையில் இவ்வளவு நேரத்தோடு பள்ளிக்கூடம் போய் என்னதான் செய்கின்றான் என்று வினவினார். பிழை விடுகின்றான் என்று சொல்ல வாயெடுத்து, படிக்கின்றான் என்றேன்.

தேர்வு முடிந்தது. முடிவு வரச் சில காலம் ஆகும். வீணையை விடுவதைப் பற்றி மகள் அதன்பின் பேசவில்லை. புதிய உருப்படி எந்த அளவில் இருக்கின்றது என்று நான் கேட்பதில்லை. சிலவேளை கேட்க வாய் வரும், மென்று விழுங்குவேன். ஆறு மணிக்குத் திரும்பி வரும்பொழுது முதல் தளத்திலிருந்தே குடைக் காம்பைப் படிக்குப் படி ஊன்றி ஓசைப்படுத்தியவாறு ஏறுகின்றேன். மழையில்லாத நாளிலும் குடை கொண்டுபோவது ஏன் என்று கீழ்த்தளத்துக் கணித ஆசிரியர் கேட்டார். இரண்டாம் தளத்தை அடையும்பொழுது மேலே வீணை, எங்கோ ஓரிடத்தில் தட்டுத் தடுமாறி, அதே இடத்தை மறுபடி எடுத்துக்கொண்டிருப்பது மங்கலாகக் காதில் விழும். அங்கே படியில் சிறிது நேரம் இருந்துவிட்டு, குடையை இன்னும் சற்று உரக்க ஊன்றுகின்றேன்.